பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நர்ஸ்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

நாகர்கோவிலிலோ மதுரையிலோ வேலூரிலோ நர்ஸிங் முடித்து, இரண்டு மூன்று வருடம் வார்டில் கால்கடுக்க நின்று, இப்போது ஜெர்மன் பி2 வகுப்புக்கும் ஓஇடி தேர்வுக்கும் சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கும் அலைந்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் கிளம்பப்போகும் செய்தி தெருவில் பரவியதும் இரண்டு விதமான பேச்சு காதில் விழுந்திருக்கும். ஒன்று, "மாசம் எத்தனை லட்சம்?" மற்றது கொஞ்சம் தணிந்த குரலில் வரும். "கையில விளக்கைப் பிடிச்சு உறுதிமொழி எடுத்ததெல்லாம் இதுக்குத்தானா? இங்க இருக்கிற நோயாளியை யார் பார்ப்பா?" முதல் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். அடுத்த வீட்டு வருமானத்தை விசாரிக்காமல் நம் ஊரில் பொழுது விடியாது. இரண்டாவது பேச்சுதான் தூக்கத்தைக் கெடுக்கும். காசு வாங்கினால் அது சேவை ஆகாது, ஊரை விட்டுப் போனால் அது சேவை ஆகாது, கல்யாணம் கட்டிக்கொண்டு விலகிவிட்டால் அது சேவையே ஆகாது என்கிற கணக்கு அதற்குள் இருக்கிறது.

இந்தக் கணக்குக்குப் பதிலாக 140 வருடத்துக்கு முந்தைய ஒரு நார்வே நர்ஸின் கதையைச் சொல்ல நினைக்கிறேன். பெயர் எலிசபெத் ஃபெடே. லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அமெரிக்க லுத்தரன் திருச்சபையின் நினைவு நாள் பட்டியலில் பிப்ரவரி 25 அவருக்குரிய நாள். பட்டியலில் ஏறிவிட்டவர் என்பதால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுப் பார்க்காதீர்கள். சம்பளம், கட்டில், வாடகை, கமிட்டி, கோபம், உடல்நலக்குறைவு எல்லாம் இருந்த பெண்.

1850 டிசம்பர் 25 அன்று, நார்வேயின் தென்கோடியில் ஃப்ளெக்கெஃபியூர்ட் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்தார். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அங்கே இருந்த வழிகள் கொஞ்சம்தான். அப்பா வீடு, அண்ணன் வீடு, இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது வேலைக்காரி. கத்தோலிக்கர்களுக்குக் கன்னியர் மடம் இருந்தது. லுத்தரன்களுக்கு அதுவும் கிடையாது. மார்ட்டின் லுத்தர் மடங்களை ஏற்கவில்லை. மடத்திலிருந்து வெளியேறிய காத்தரினா ஃபொன் போராவை 1525ல் கல்யாணமே செய்துகொண்டார்.

அந்த வெற்றிடத்தை 300 வருடம் கழித்து நிரப்பியது ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற சின்ன ஊர். 1836ல் தியோடர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியாரும் மனைவி ஃப்ரீடெரிக்கேயும் அங்கே ஒரு டீக்கனஸ் இல்லம் தொடங்கினார்கள். கல்யாணம் ஆகாத பெண்கள் சேரலாம். நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி உண்டு, சீருடை உண்டு, சாப்பாடும் சின்னச் செலவுக்குக் காசும் உண்டு. நோய்வாய்ப்பட்டாலும் முதுமையிலும் இல்லமே பார்த்துக்கொள்ளும். சம்பளம் மட்டும் கிடையாது. ஆயுள் முழுக்க இருப்பேன் என்ற சத்தியமும் கிடையாது. கல்யாணம் என்றால் விலகிப் போகலாம். நீங்கள் விழாவில் விளக்குப் பிடித்து வணங்குகிற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851ல் சில மாதம் தங்கிப் பயின்றதும் இந்த ஊரில்தான்.

அதே ஊரில் பயின்று திரும்பிய கத்தின்கா குல்ட்பெர்க், 1868ல் நார்வே தலைநகரில் ஒரு டீக்கனஸ் இல்லத்தைத் தொடங்கினார். இன்றைய ஆஸ்லோவுக்கு அன்று கிறிஸ்டியானியா என்று பெயர். நார்வேயின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1873ல் அங்கே சேர்ந்த எலிசபெத்தைப் பிற்பாடு துருவ வட்டத்துக்கும் வடக்கே இருக்கிற ட்ரோம்சோவுக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியனே எட்டிப்பார்க்காத ஊர். சிரமமான இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் போடுவது நம் ஊர் நிர்வாகங்களின் கண்டுபிடிப்பு என்று இனிமேல் நினைக்காதீர்கள்.

1882 கிறிஸ்துமஸ். அன்று அவருக்கு 32 வயது நிறைந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் உடன்பிறந்தவளின் கணவர். நியூயார்க்கில் இருக்கிற நம் ஆட்களும் கப்பல்காரர்களும் நோயில் விழுந்தால் பார்க்க நாதியில்லை, நீ வந்து ஏதாவது செய்யேன் என்பது அதன் சாரம். குவைத்திலிருந்து அத்தான் போன் போட்டு "இங்க வேலை இருக்கு, வா" என்று சொன்னதால் கிளம்பியவர்கள் உங்களில் எத்தனை பேர்? குடும்பம் கூப்பிட்டது, அவர் போனார். மிஷனரி வரலாறுகளில் தரிசனமும் அசரீரியும் பெரிய எழுத்தில் இருக்கும். இங்கே அழைப்பு வந்தது ஒரு குடும்பக் கடிதத்தில்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்த நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு நார்வே. அந்த 1882ல் மட்டும் 28,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம், மூத்தவனுக்குப் பண்ணை போனால் இளையவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. இவர்களைத் தவிர மாலுமிகள். உலகின் பெரிய வணிகக் கப்பல் கூட்டங்களில் ஒன்று அன்று நார்வேயுடையது. அமெரிக்கக் கூலி அதிகம் என்பதால் நியூயார்க் துறைமுகத்தில் கப்பலை விட்டு நழுவி இறங்கியவர்கள் ஏராளம். புரூக்ளின் கப்பல்துறைத் தெருக்களில் சத்திரம் போன்ற லாட்ஜுகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். கையில் காசு இருக்கிறவரை லாட்ஜ்காரன் சிரிப்பான். காய்ச்சல் வந்து படுத்தால்? பாஷை தெரியாது, சொந்தம் கிடையாது, ஓடிவந்தவன் என்பதால் கப்பல் கம்பெனியும் கைவிரிக்கும்.

எலிசபெத் 1883 ஏப்ரலில் வந்து இறங்கினார். புரூக்ளினையும் மன்ஹாட்டனையும் இணைக்கிற பெரிய பாலம் அப்போது இன்னும் திறக்கப்படவில்லை, அடுத்த மாதம் 24ஆம் தேதிதான் திறந்தார்கள். வந்த மாதமே நார்வேக்காரர்களில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்குமான நிவாரணச் சங்கம் ஒன்று அமைந்துவிட்டது. நார்வே மாலுமிகளின் தேவாலயப் போதகர் மோர்ட்டென்செனும், கான்சல் போர்ஸும் அவர் மனைவியும் முன்னின்றார்கள். நார்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலம், ஆகவே இரண்டு நாட்டுக்கும் ஒரே கான்சல். தேவாலயத்தை ஒட்டிச் சில அறைகளை எடுத்து எலிசபெத் வேலையைத் தொடங்கினார்.

அந்த முதல் ஐந்து வருடம் அவர் ஒரு நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். பிற்பாடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். ஆன்மிக அனுபவங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். சின்னச் சின்னப் பதிவுகள். இன்று யார் வீட்டுக்குப் போனேன், யாருக்கு என்ன வியாதி, யாருக்கு வேலை தேடிக் கொடுத்தேன், யாரிடம் உதவி கேட்டேன், யார் செத்தார்கள். நைட் டியூட்டி முடித்து நீங்கள் எழுதும் ஹேண்ட் ஓவர் நோட்டின் தோரணை. களைப்பில் எழுதியவை என்பது படித்தாலே தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு நர்ஸின் ஒரு நாள் என்பது மேடையில் பேசுகிறவர்கள் நினைப்பதுபோல் கருணை வழியும் கண்கள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய வேலைகள்.

என்ன வேலைகள் என்று பாருங்கள். 1882ல்தான் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். கிருமி தெரிந்ததே தவிர மருந்து தெரியாது. ஆண்டிபயாட்டிக் வார்டுக்கு வர இன்னும் 60 வருடம் இருந்தது. டைஃபாய்டு, நிமோனியா, டிப்தீரியா எது வந்தாலும் நோயாளியைக் கரையேற்றியது பெரும்பாலும் நர்ஸின் கைதான். துடைத்து விடுவது, ஈரத்துணி மாற்றுவது, கஞ்சியோ பாலோ கரண்டி கரண்டியாகப் புகட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, ராத்திரி முழுக்க விழித்திருப்பது. எலிசபெத் இதையெல்லாம் படிக்கட்டு ஏறி இறங்கி, வாடகை வீட்டு அறைகளில் செய்தார். தண்ணீரைக் கீழேயிருந்து தூக்கிவர வேண்டிய கட்டிடங்கள் அவை. அதோடு முடியவில்லை. அம்மா செத்துப்போன வீட்டில் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது? குடித்தே அழிகிற ஆளின் மனைவிக்கு என்ன வழி? அமெரிக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நார்வே மொழியில் யார் சொல்வது? இன்றைக்கு மெடிக்கல் சோஷியல் வொர்க்கர், மொழிபெயர்ப்பாளர், ஹோம் கேர் நர்ஸ், பி.ஆர்.ஓ. என்று நான்கு பேரைப் போடுகிற வேலை.

வீடு வீடாக ஓடி மாளாது என்பது சீக்கிரமே புரிந்தது. 1885ல் ஒன்பது படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி திறந்தார். பக்கத்திலேயே டீக்கனஸ் பயிற்சியும் ஆரம்பித்தார்.

ஒன்பது படுக்கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கேட்டு வாங்கினார். பணக்கார நார்வேக்காரர்களிடம் கேட்டார், கடைக்காரர்களிடம் கேட்டார். கான்சல் மனைவியின் ஆதரவு பெரிய பலமாக இருந்தது. உதவி கேட்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் சேவையின் புனிதம் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி எழுந்தே இருக்காது. பயிற்சிக்குப் பெண்கள் கிடைப்பதும் சுலபமாக இல்லை. அமெரிக்காவில் வீட்டுவேலைக்குப் போனாலே கூலி கிடைக்கும்போது, சம்பளமில்லாத டீக்கனஸ் தொப்பியை மாட்டிக்கொள்ள எத்தனை பேர் வருவார்கள்? ஐரோப்பாவில் நன்றாக ஓடிய அந்த முறை அமெரிக்காவில் கடைசிவரை பெரிதாக வேர்பிடிக்கவில்லை. வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

என் சித்தியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியில் லேபர் வார்டில் இருந்தார், பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, 'சேவைச் சுடர்' என்று பொறித்த ஷீல்டு கொடுத்து, மூன்று பேர் அன்னை தெரசாவோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். கிராஜுவிட்டிப் பணத்துக்கு மட்டும் அதற்கப்புறம் அலையோ அலை என்று அலைந்தார். ஷீல்டு எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பித்தளைத் தகட்டில் அவர் பெயரின் இனிஷியல் தப்பு. சித்தி அதைத் துடைத்து வைப்பார், ஆனால் விருந்தாளிகளிடம் காட்டமாட்டார். தியாகம் என்ற சொல்லை நிர்வாகம் உச்சரிக்கும்போது சம்பளப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எலிசபெத் கதைக்கு வருகிறேன். 1888ல் மினியாபொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். நார்வேக்காரர்கள் திரளாகக் குடியேறியிருந்த மத்திய மேற்குப் பகுதி. அங்கே போய் இன்னொரு டீக்கனஸ் இல்லத்தையும் ஆஸ்பத்திரியையும் நிறுவினார். சிகாகோவில் அதுபோல் ஒன்று உருவாகவும் உதவினார். பிறகு மறுபடி புரூக்ளின். போன இடமெல்லாம் ஒரே வரிசைதான்: முதலில் நோயாளி, பிறகு கட்டில், பிறகு கட்டிடம், கடைசியில் ஒரு கமிட்டி. கமிட்டி வந்துவிட்டால் நர்ஸின் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1890களின் நடுவில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நார்வேக்குத் திரும்பினார். இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. திரும்பியவர் டீக்கனஸ் வாழ்க்கையிலிருந்து விலகி, ஓலே ஸ்லெட்டெபோ என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். வயது நாற்பத்தைந்தை ஒட்டி. எகெர்சுண்ட் பக்கத்தில் பண்ணை வீடு. 1921 பிப்ரவரி 25ல் இறக்கும்வரை, சுமார் கால் நூற்றாண்டு, அங்கே குடும்ப வாழ்க்கை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த 25 வருடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் சுமார் 13 வருடத்துக்குப் பக்கம் பக்கமாக இடம், குடும்பத்துக்கு ஒரு வரி. பண்ணை வீட்டில் பால் கறந்ததைப் பற்றி யார் நாட்குறிப்பு வெளியிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் வேலை செய்தார், தளர்ந்தார், வேலையை மற்றவர்களிடம் விட்டார், தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அதனால் மூடவில்லை. ஆள் பயிற்றுவித்து வைத்திருந்தார் அல்லவா! அவர் சார்ந்த சபையும் "கலப்பையில் கைவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவள்" என்று அவரை ஒதுக்கிவிடவில்லை. நினைவு நாள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

அந்த ஒன்பது படுக்கை என்ன ஆயிற்று? நார்வே லுத்தரன் டீக்கனஸ் ஆஸ்பத்திரியாக வளர்ந்து, பிற்பாடு லுத்தரன் மெடிக்கல் சென்டர் ஆனது. 1977ல் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தைச் சீரமைத்து அதற்குள் குடிபெயர்ந்தது. இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவக் குழுமத்தில் சேர்ந்துவிட்டது. சுற்றியிருக்கிற சன்செட் பார்க் பகுதியில் நார்வேக்காரர்கள் அநேகமாக இல்லை. எட்டாவது அவென்யூவை ஒரு காலத்தில் 'லாப்ஸ்கௌஸ் புல்வார்' என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம், லாப்ஸ்கௌஸ் என்பது கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைக்கிற நார்வே மாலுமிச் சாப்பாடு. இன்று அது சீனர் கடைத்தெரு. சீனரும் லத்தீன் அமெரிக்கரும் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மொழி தெரியாத ஊரில் நோயில் விழுகிற புதியவர்கள், அன்று நார்வேக்காரர்கள் இருந்த அதே நிலையில்.

உங்கள் நிலைமையும் அவர் நிலைமையும் ஒன்று என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் வரவில்லை. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர் கடல் தாண்டிப் போனது தன் சொந்த ஜனத்தைப் பார்க்க. நீங்கள் போவது ஸ்டுட்கார்ட்டில் யாரோ ஒரு பாட்டியைக் குளிப்பாட்ட, மான்செஸ்டரில் யாரோ ஒரு தாத்தாவுக்கு ஐவி போட. பணக்கார நாடுகள் தங்கள் முதுமையைப் பார்த்துக்கொள்ள நம் பிள்ளைகளை அழைக்கின்றன. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இடம் காலி. "யார் பார்ப்பா?" என்று கேட்கிறவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் வாசல் கிடையாது. தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக வேலை வாங்குகிறவர்களிடமும், ஐசியூவில் ஒரே நர்ஸிடம் ஆறு பெட்டை ஒப்படைக்கிறவர்களிடமும் போய்க் கேட்கட்டும். தங்கை கல்யாணத்துக்கும் அப்பாவின் கடனுக்கும் வழி தேடுகிற 25 வயசுப் பெண்ணிடம் தேசத்தின் சுகாதாரக் கொள்கைக்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். புரூக்ளினில் மாலுமிகள் கிடந்த நிலைக்கு மிக அருகில் இருப்பவர்கள் அங்கே இருக்கிற நம் கட்டிடத் தொழிலாளிகள்தான். கம்பத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் போனவர்கள். லேபர் கேம்பில் எட்டுப் பேர் ஒரு அறை. நெஞ்சுவலி வந்தால் அதை அரபியிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தெரியாமல் முழிப்பார்கள். உங்கள் வார்டில் அப்படி ஒருவர் வந்து படுத்தால், அது உங்கள் பெட் இல்லையென்றாலும், ஒரு நிமிடம் நின்று, "அண்ணே, எங்க வலிக்குது?" என்று தமிழில் கேளுங்கள். எலிசபெத்தின் நாட்குறிப்பில் பாதி இந்தக் கேள்விதான்.

இன்னொன்று. எழுபதுகளிலிருந்தே நம் பெண்கள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. அவர்கள் எழுதியது என்று தேடினால் கைக்கு எட்டுவது மிகக் கொஞ்சம். எலிசபெத்தின் முதல் ஐந்து வருடம் நமக்குத் தெரிவது அவர் களைப்போடும் நாலு வரி எழுதி வைத்ததால்தான். நீங்களும் எழுதுங்கள். போனில் எழுதினாலும் சரி. எந்த வார்டு, எத்தனை பேஷன்ட், சார்ஜ் நர்ஸ் என்ன சொன்னார், ஏஜென்ட் சொன்ன சம்பளத்துக்கும் கைக்கு வந்ததுக்கும் எவ்வளவு வித்தியாசம், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், உங்களுக்கென்று என்ன வாங்கிக்கொண்டீர்கள். நோயாளிகளின் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த ஒழுக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காண்டிராக்டில் கையெழுத்துப் போடுமுன் பாண்டு எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தைத் தமிழ் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி